குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள்

(பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. பங்கு மக்கள் வாசித்துப் பயன்பெற இங்கே மறுபதிப்பாகிறது.)

நற்செய்திப் பகுதி: யோவான் 5:1-9



எருசலேமில் ஆட்டு வாயில் அருகே பெத்சதா என்றொரு குளம் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், முடக்குவாதமுற்றோர் என்று நோயாளர் பலர் அங்கே படுத்துக் கிடந்தார்கள். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவர் நலமடைவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அங்கே 38 ஆண்டுகளாக நோயுற்ற ஒருவரை இயேசு காண்கிறார். நலம்பெற விருப்பமா என்று கேட்கிறார். அந்த மனிதர் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ பதில் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்றும், தாம் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்றும் சொல்லுகிறார்.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். குளம் இருந்தது. தண்ணீரும் இருந்தது. இவரும் பக்கத்திலேயே கிடந்தார். உள்ளே வராதே என்று ஒருவரும் இவரைத் தடுக்கவில்லை. ஆனாலும் 38 ஆண்டுகள் அந்தத் தண்ணீர் இவருக்கு எட்டவில்லை. ஓடக்கூடியவர் முதலில் போனார். ஆள்பலம் உள்ளவர் அடுத்துப் போனார். நடக்க முடியாதவர் கிடந்த இடத்திலேயே கிடந்தார்.

மருந்து இருப்பது வேறு, மருந்து எட்டுவது வேறு. உலக நோயாளர் நாளில் நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான். தடுப்பூசியும் நோய்ப் பரிசோதனையும் எல்லாருக்கும் பொது என்கிறோம். அவை யாருக்கு முதலில் எட்டுகின்றன, யாருக்குக் கடைசியில் எட்டுகின்றன, ஏன் அப்படி என்று கேட்பதும் நம் விசுவாசத்தின் பகுதியே.

2021-இல் நாம் கண்டது

நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குப் போடத் தொடங்கப்பட்டது. மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோருக்கு, ஏப்ரல் 1 முதல் 45 வயது கடந்த அனைவருக்கும் என்று படிப்படியாக விரிந்தது. மே 1 முதல் 18 வயது நிறைந்தோரும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் 18 முதல் 44 வயதுக்காரர்கள் கோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் விதித்தார்கள். முன்பதிவுக்குக் கைபேசி வேண்டும். அதில் இணையம் வேண்டும். வருகிற கடவு எண்ணை உடனே பதிவிடத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் அந்தத் தளம் தமிழில் இல்லை. இடம் திறந்த சில நிமிடங்களில் நிறைந்துவிடும். தண்ணீர் கலங்கியதும் ஓடி இறங்கியவர்களின் கதையேதான்.

பணம் உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. அந்த ஜூன் மாதம் தனியார் மருத்துவமனைகள் வாங்கக்கூடிய அதிகபட்ச விலையை அரசு வரையறுத்தது. கோவிஷீல்டு ஒரு தவணைக்கு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டு தவணை கோவிஷீல்டு போட 6,240 ரூபாய் வேண்டும். ஊரடங்கில் வேலையிழந்து உட்கார்ந்திருந்த வீட்டுக்கு அது எட்டாக் கனி.

உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இணைய வசதியில்லாத கிராமத்து மக்களும் ஏழைகளும் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று மே மாத இறுதியில் மத்திய அரசைக் கேட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், அரசு மையங்களில் நேரில் வருவோரையும் பதிவு செய்துகொள்ள வழி திறக்கப்பட்டிருந்தது. ஜூன் 21 முதல் 18 வயது நிறைந்த அனைவருக்கும் அரசு மையங்களில் இலவசத் தடுப்பூசிக்கு மத்திய அரசே பொறுப்பேற்றது. கேள்வி கேட்பதாலும் வழி பிறக்கும் என்பதை இது காட்டுகிறது.

நம் மலையோரத்தில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். திற்பரப்பிலும் குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே இருட்டோடு எழுந்து, தலையில் விளக்குக் கட்டி, மரம் மரமாய் வெட்டிவிட்டு, பிறகு சிரட்டைகளிலிருந்து பாலைச் சேகரித்து, எடை போட்டுக் கொடுத்து முடிக்கும்போது உச்சி வேளை நெருங்கிவிடும். தடுப்பூசி முகாமோ காலை 9 மணிக்குத் தொடங்கும். டோக்கன் வாங்க அதற்கு முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். பால்வெட்டுக்குப் போனால் ஊசி கிடையாது. ஊசிக்குப் போனால் அன்றைய கூலி கிடையாது. போதாக்குறைக்கு மறுநாள் காய்ச்சல் வந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும். அந்த மே மாதம் 10-ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியதும் பேருந்துகளும் நின்றுவிட்டன. வண்டி உள்ளவர் போனார். இல்லாதவர் வீட்டில் இருந்தார்.

இன்னும் மேலே போனால் காணி மக்களின் குடியிருப்புகள். தச்சமலை, தோட்டமலை, விளாமலை முதலிய இடங்களிலிருந்து வெளியே வர, பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வள்ளத்தில் கடக்க வேண்டும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையால்தான் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைந்தன. கீழே இருப்பவர்களுக்கு வளம் தந்த அதே தண்ணீர், மேலே இருப்பவர்களுக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு தடையாகக் கிடக்கிறது. கர்ப்பிணிக்கு வலி கண்டாலும், குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட வேண்டுமானாலும், முதலில் வள்ளம் வேண்டும்.

இந்தக் காணி மக்கள் மருத்துவம் அறியாதவர்கள் அல்லர். 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், தங்களுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் மலையேறுவதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்யப்பட்டது. கிடைத்த உரிமத் தொகையில் பாதி கேரளத்துக் காணி மக்களுக்கு என்று உடன்பாடு ஏற்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு தருவதற்கு உலகம் முழுவதும் இதை முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். உலகுக்கு மருந்து காட்டிக் கொடுத்த மக்களுக்கே உலகத்தின் மருந்து கடைசியில் போய்ச் சேருகிறது என்றால், அதை விதி என்று விட்டுவிட முடியாது.

பழைய கதை

இது கொரோனாவோடு தொடங்கியதும் அல்ல. நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1813-இல் ராணி கௌரி லட்சுமி பாயி அம்மை குத்தும் திட்டத்தைத் தொடங்கினார். அந்நாளில் தடுப்பு மருந்தைக் குப்பியில் அடைத்து வைக்க வசதியில்லை. அம்மை குத்தப்பட்ட ஒரு குழந்தையின் கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து நிணநீர் எடுத்து அடுத்தவர் கையில் குத்துவார்கள். கைக்குக் கை மாறிப் போகும் முறை அது. அதனால் குழந்தைகளை ஊர்விட்டு ஊர் அழைத்துப் போனார்கள். பெரும்பாலும் ஏழைகளின், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளே இப்படிப் பயன்பட்டார்கள். அவர்கள் கையிலிருந்து எடுத்ததை ஏற்க மாட்டோம் என்று உயர்சாதியார் பலர் மறுத்ததும் இந்திய அம்மைத் தடுப்பு வரலாற்றில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. கன்றுக்குட்டியிலிருந்து நிணநீர் எடுக்கும் முறை பரவிய பிறகே இந்தச் சிக்கல் தளர்ந்தது. 1899-இல் சென்னை கிண்டியில் கிங் நிறுவனம் நிறுவப்பட்டதே அம்மைத் தடுப்பு மருந்து செய்வதற்காகத்தான்.

தடுப்பு மருந்தைத் தங்கள் உடலில் சுமந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். அவர்களுடைய தெருவுக்கு மருத்துவம் வந்தது எல்லாருக்கும் பின்னால். இந்த வரிசையை நாம் மறக்கக் கூடாது.

தோலின் நிறம்

அமெரிக்காவில் இதே வரிசை நிறத்தால் அமைந்தது. கொரோனாவின் தொடக்கத்திலேயே அங்கே கருப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் பூர்வகுடிகளும் வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் இறந்தார்கள். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகள், நெருக்கமான வீடுகள், காப்பீடு இல்லாமை, பக்கத்தில் மருத்துவமனை இல்லாமை ஆகியவை அதற்குக் காரணங்கள். பிலடெல்பியா நகரில் பரிசோதனை செய்யக் காரில் வர வேண்டும், மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற நிபந்தனைகளால் ஏழைக் கருப்பினத்தார் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதைக் கண்ட ஆலா ஸ்டான்ஃபோர்டு என்ற குழந்தைகள் அறுவை மருத்துவர், 2020 ஏப்ரலில் ஒரு வாகனத்தில் பரிசோதனைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் வாழும் தெருக்களுக்கே போனார். அவர் தேர்ந்துகொண்ட இடம் எது தெரியுமா? ஆலயங்களின் வாகன நிறுத்தம். மக்களுக்கு வழி தெரிந்த இடம், நம்பிக்கையுள்ள இடம் அதுதான். பிறகு தடுப்பூசியும் அப்படியே போடப்பட்டது.

பரிசோதனைக் கருவியிலும் இந்த வேற்றுமை ஒளிந்திருக்கலாம். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரை 2021-இல் நம்மில் பலர் வாங்கினோம். அது விரலின் வழியே ஒளியைச் செலுத்தி, இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு என்று கணக்கிடுகிறது. தோலின் கருமை அந்த ஒளியை ஓரளவு உறிஞ்சுவதால் கணக்கு பிசகக்கூடும். இரத்தத்தில் உயிர்வளி ஆபத்தான அளவு குறைந்திருந்தும் கருவி நல்ல எண்ணைக் காட்டிய நிகழ்வு, வெள்ளையரைவிடக் கருப்பின நோயாளர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நம்மவர் தோலும் கருத்ததுதான். ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். மூச்சு முட்டுகிறது, உதடு நீலம் பூக்கிறது, நோயாளி மயங்குகிறார் என்றால், கருவியில் 95 என்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எண்ணைவிட மனிதரைப் பாருங்கள்.

நாடுகளுக்கு இடையிலும் இதே வரிசைதான். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி தர 2020-இல் உருவான கோவாக்ஸ் அமைப்பு, 2021 முடிவுக்குள் 200 கோடி தவணைகள் தர எண்ணியது. பாதிகூட எட்டவில்லை, 100-ஆவது கோடியை 2022 ஜனவரியில்தான் தொட்டது. பணக்கார நாடுகள் மூன்றாவது தவணை போட்டுக்கொண்டிருந்த 2021 டிசம்பரில், ஆப்பிரிக்காவில் பத்தில் ஒருவருக்குக்கூட இரண்டு தவணைகள் முழுமையாகக் கிடைத்திருக்கவில்லை. காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. 2022 ஜூனில்தான், அதுவும் குறுகிய அளவில், ஓர் உடன்பாடு வந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது.

ஏன் பயப்படுகிறார்கள்?

"அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஊசி என்றால் ஓடி ஒளிகிறார்கள்" என்று ஏழைகளைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டா என்று கேட்பதில்லை.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக, ஏறக்குறைய 600 கருப்பின ஆண்களை அரசு மருத்துவத் துறை ஆய்வுக்கு உட்படுத்தியது. இடையிலே பென்சிலின் வந்துவிட்டது. நோயுற்றவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. தங்களுக்கு என்ன நோய் என்றுகூட அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் ஊசியைக் கண்டு தயங்கினால் அதை அறியாமை என்று சொல்லலாமா?

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுத் திட்டமாகச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. அவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் நேர்ந்த சில மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. அந்தத் தடுப்பூசி நல்லது. இன்று உலகமெங்கும் பெண்பிள்ளைகளைக் காக்கிறது. ஆனால் பெற்றோரிடம் கேட்காமல் செய்ததை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல மருந்தையும் மதிப்பில்லாமல் கொடுத்தால் அது சந்தேகத்தை விதைக்கும்.

வதந்தி வேறு வகை. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தபோது நம் மாநிலம் முழுவதும் பயம் பரவியது. அவருடைய மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று மத்திய நிபுணர் குழு பின்னர் ஆராய்ந்து அறிவித்தது. ஆனால் வதந்தி கைபேசியில் ஒரே நாளில் பரவியது. ஆய்வின் முடிவு வர மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் மக்களிடம் பொறுமையாகப் பேச, அவர்களுக்குத் தெரிந்த ஒரு முகம் வேண்டும். அது கிராமச் செவிலியராக இருக்கலாம். காணிக்குடியில் மூட்டுக்காணியாக இருக்கலாம். பங்கில் ஓர் அருள்சகோதரியாகவோ அன்பியப் பொறுப்பாளராகவோ இருக்கலாம்.

தேடிப் போனால் முடியும்

கடைசி மனிதர் வரை மருந்து போய்ச் சேர முடியுமா? முடியும் என்று நம் நாடே காட்டியிருக்கிறது.

இளம்பிள்ளைவாதத்தை எண்ணிப் பாருங்கள். சொட்டுமருந்து முகாமுக்கு வராத குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். பேருந்து நிலையத்திலும் ரயிலிலும் செங்கல் சூளையிலும் நின்று கொடுத்தார்கள். கொடுத்த குழந்தையின் விரலில் மை வைத்தார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் ஒரு குழந்தையையும் அந்த நோய்க்கிருமி இயல்பாகத் தாக்கவில்லை. 2014 மார்ச் 27-இல் நம் பகுதி போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

காசநோயில் சென்னை உலகுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தது. காசநோயாளர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் உள்ள விடுதிகளில் வைத்தால்தான் குணமாகும் என்று முன்பு எண்ணினார்கள். ஏழைக்கு அது ஆகிற காரியமா? 1956-இல் தொடங்கிய ஆய்வில், சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளர்கள் சிலருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் விடுதியில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். கூட வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. அதன்பின் உலகம் முழுவதும் காச மருத்துவம் நோயாளியின் வீட்டை நோக்கித் திரும்பியது.

கொரோனாக் காலத்திலும் இது நடந்தது. 2021-இன் நடுவில் நீலகிரி மாவட்டம், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரில் வயது வந்தோர் ஏறக்குறைய அனைவருக்கும் தடுப்பூசி போட்டு நாட்டுக்கு வழிகாட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 12, ஞாயிறன்று தமிழ்நாடு ஏறக்குறைய 40,000 இடங்களில் முகாம் வைத்தது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி உண்பவர்களும் மது அருந்துபவர்களும் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று கண்டபோது, அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மக்களைக் கடிந்துகொள்ளாமல் நாளை மாற்றினார்கள். இதுதான் தேடிப் போகும் மனம்.

இயேசுவும் அதைத்தான் செய்தார். விரைவாக ஓடக் கற்றுக்கொள் என்று அந்த மனிதரிடம் சொல்லவில்லை. அடுத்த முறை முயன்று பார் என்றும் சொல்லவில்லை. அவர் கிடந்த இடத்துக்கே வந்து, அவரிடம் கேட்டு, அவருடைய பதிலைக் காதுகொடுத்துக் கேட்டு, நலம் தந்தார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 கிறிஸ்து பிறப்பு விழாச் செய்தியில், தடுப்பூசி எல்லாருக்கும், குறிப்பாக எளியோருக்கும் நலிந்தோருக்கும் கிடைக்க வேண்டும் என்று உலகத் தலைவர்களை வேண்டினார். 2021 மே மாதம் காப்புரிமைத் தளர்வுக்கு ஆதரவாகவும் குரல் கொடுத்தார். அவர் பேசியதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு புனித வாரத்தில், உரோமை நகரின் வீடற்றோரும் ஏழைகளுமான ஏறக்குறைய 1,200 பேருக்கு வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கத்திலேயே தடுப்பூசி போடப்பட்டது. பெரிய வெள்ளியன்று அவர் நேரில் வந்து அவர்களைப் பார்த்தார்.

நாம் செய்யக்கூடியவை

கொரோனா ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த வரிசை இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று நம் நடுவில் அது வேறு நோய்களில் தெரிகிறது. உலகக் காசநோயாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் வாழ்கிறார். அரசு மையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்போருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. ஆனாலும் சளியைக் கொடுத்துப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர், "புகையிலை இருமல்தான்" என்று தள்ளிப் போடுகிறார். அவர் மட்டுமல்ல, வீட்டுக் குழந்தையும் ஆபத்தில் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் அப்படியே. பல ஆண்டுகள் அது ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கே கிடைத்தது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதை இலவசமாகத் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அது நம் மலைப்பள்ளிகளுக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பதும், பெற்றோருக்குத் தெளிவாக விளக்கி அவர்கள் சம்மதம் பெறுவதும் நம் பொறுப்பு.

ஒவ்வோர் அன்பியமும் இந்தத் தவக்காலத்துக்குள் கீழ்க்காணும் காரியங்களை எடுத்துச் செய்யலாம்.

முதலாவது, உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர், காரணமின்றி மெலிகிறவர், மாலைக் காய்ச்சல் உள்ளவர் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அனுப்புவதோடு நிற்காமல் ஒருவர் கூடப் போங்கள்.

இரண்டாவது, கைக்குழந்தை உள்ள வீடுகளில் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். விட்டுப்போன தவணை இருந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். தோட்டங்களிலும் செங்கல் சூளைகளிலும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள். அவர்கள் நம் திருப்பலிக்கு வருகிறார்களா இல்லையா என்று பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, முகாம் நடத்துவோரிடம் பால்வெட்டு முடிந்த பிற்பகலில் நடத்தும்படி கேளுங்கள். நம் ஆலய வளாகத்தையும் மறைக்கல்வி அறையையும் அதற்குத் திறந்து கொடுக்கலாம்.

நான்காவது, வின்சென்ட் தே பவுல் சபையினர் மருந்துக்கு உதவுவது போல, பரிசோதனைக்குப் போகிறவரின் வண்டிச் சத்தத்துக்கும் இழந்த கூலிக்கும் உதவலாம். மருந்து இலவசமாக இருந்தும் போகாமல் இருப்பவர்களைத் தடுப்பது பெரும்பாலும் அந்தச் சில நூறு ரூபாய்தான்.

ஐந்தாவது, கைபேசியில் வரும் மருத்துவச் செய்தியை விசாரிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். பயந்தவரைக் கேலி செய்யாதீர்கள். அவருடைய கேள்வியை முழுவதும் கேட்டு, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புக்குரியவர்களே, பெத்சதாக் குளத்தைச் சுற்றி அன்று எத்தனையோ பேர் நடமாடியிருப்பார்கள். நலமடைந்து வீடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்து கை கொடுத்திருந்தாலும் அந்த மனிதர் 38 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்காது. நாம் தடுப்பூசி போட்டவர்கள். பரிசோதித்து மருந்து வாங்கியவர்கள். குளத்தில் இறங்கி ஏறியவர்கள். நம் பக்கத்தில் இன்னும் இறங்காமல் கிடப்பவர் யார் என்று பார்ப்போம்.

மன்றாடுவோம்: நோயாளரைத் தேடிச் சென்ற ஆண்டவரே, மலையிலும் தோட்டத்திலும் கடற்கரையிலும் மருத்துவம் எட்டாமல் வாடும் எம் சகோதர சகோதரிகளை நினைவுகூரும். அவர்களைத் தேடிச் செல்லும் செவிலியர்களையும் மருத்துவர்களையும் காத்தருளும். ஆள் இல்லை என்று ஒருவரும் சொல்லாதபடி எங்களை அனுப்பும். லூர்து அன்னையே, நோயாளரின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.